படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்

ஹார்லன் க்ரீக்
நவம்பர் 17, 2013

அன்புள்ள ஆனிகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், வெலிங்டன் காற்றில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டின் தினசரி வேண்டுதல். முதல் பனி விழுந்துவிட்டது. அப்பா மான் வேட்டைக்கென்று துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாரே தவிர, முழங்கால் வலியோடு வாசலைத் தாண்டவில்லை. போன வாரம் தொலைபேசியில், ஏம்மா இப்படி எரிஞ்சு விழறே என்று கேட்டாய். அப்போது சொல்ல வரவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்.

நம் மாநிலம் தனக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சந்தையைக் கணினியில் அமைக்கப்போகிறது, எல்லாத் திட்டங்களும் ஒரே இடத்தில் இருக்கும், வியாதியைக் காட்டி யாரையும் தள்ள முடியாது என்று சொன்னார்கள் அல்லவா, அதற்கான ஆலோசனைக் குழுவில் காப்பீட்டு புரோக்கர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. எங்கள் சங்கத்தில் யாரும் போக முன்வரவில்லை, நான் போனேன். மாதம் ஒருமுறை தலைநகருக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டி, இரண்டு வருஷம். எதிர்த்த தெருவில் என்னைப்போலவே காப்பீடு விற்கிற கோர்டி, காபிக் கடையில் எல்லாரும் கேட்க, என்ன வெர்னா, நம்ம குழியை நீயே வெட்டப் போறியாமே, மண்வெட்டி இருக்கா, கொண்டாரவா என்றான். அங்கே போனால் பிரெஸ்காட் என்று ஒரு ஆலோசகர், கிழக்கிலிருந்து விமானத்தில் வந்து போகிறவர், இந்தக் காலத்துல டிக்கெட் வாங்க யாருங்க ஏஜென்ட்கிட்ட போறாங்க, இதுவும் அப்படித்தான் என்றார். எங்களுக்குப் பதிலாக வழிகாட்டிகள் என்று சிலரை அமர்த்துவார்களாம், ஆனால் எந்தத் திட்டம் நல்லது என்று அவர்கள் வாயைத் திறக்கக் கூடாதாம். பீட் கிழங்கு போடறவனுக்கு மாசாமாசமா வருமானம் வருது, அறுவடைக்குத்தானே வருது, எந்தக் கட்டத்துல எதை எழுதணும்னு அவன் கேட்டா எல்லாமே நல்ல திட்டம்தான்னு சொல்லி அனுப்பவா என்று கேட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, உதவிய புரோக்கரின் பெயருக்குப் படிவத்தில் ஒரு கட்டம். நாளைக்கு ஏதாவது சிக்கல் என்றால் அந்தக் குடும்பத்துக்காகப் பேச எங்களுக்கு ஓர் உரிமை வேண்டாமா? ஏழு கூட்டங்களில் கேட்டேன், ஏழு தடவையும் குறிச்சுக்கிட்டோம் என்றார்கள்.

ஏப்ரலில் நம் ஊரிலேயே பொதுமக்கள் கூட்டம் வைத்தார்கள். இருபத்தேழு வருஷமாக ஒவ்வொரு வீட்டையும் எனக்குத் தெரியும் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மார்லிஸ் ஃபென்ஸ்கி, பக்கத்து ஊர் பள்ளிச் சமையலறையில் வேலை, எனக்கு முகம்கூட நினைவில்லை. இந்தம்மாவை எனக்குத் தெரியும், எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்துதான் என் புருஷனுக்கு நெஞ்சு வலி வந்ததுண்டான்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க, ரெண்டே வாரத்துல கம்பெனி வேணாம்னுடுச்சு, அப்புறம் அவர் டாக்டர் பக்கமே போகல, நாலாவது வருஷம் கொட்டகையில விழுந்து செத்துக் கெடந்தார், இவங்க நல்லவங்கதான், ஆனா கேள்வி கேட்டது இவங்கதான் என்றாள். எழுதிக்கொண்டு போன பேச்சு கையில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது, மடித்து வைத்துவிட்டேன். அவங்க சொல்றது நிஜம், அந்தக் கேள்வியை இனிமே யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் இந்தக் குழுவுல உக்காந்திருக்கேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு, பிரெஸ்காட் சார், நான் ஒதுங்கிக்கறேன், இவங்களுக்கு நீங்களே உங்க மாதிரிப் படிவத்தை நிரப்பிக் காட்டுங்க என்றேன். அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்த திட்டத்தில் நம் ஆஸ்பத்திரியே இல்லை, இருப்பது தொண்ணூறு மைலுக்கு அப்பால், ஆற்றுக்கு அந்தக் கரையில். மார்லிஸ் அவரைப் பார்த்து, பனிப்புயல்ல நான் எதுல போறது, உங்க விமானத்துலயா என்று கேட்டாள். கூடமே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே கட்டம் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். அக்டோபரில் சந்தை திறந்தது, அந்த இணையதளம் அன்றே படுத்துவிட்டது. எழுந்தபோது பார்த்தால் கட்டம் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது, ஆனால் அதில் ஆறு இலக்கம்தான் போட முடியும், எங்கள் உரிம எண்ணுக்கு ஏழு இலக்கம்! இரண்டு வருஷ உழைப்பு ஒரு இலக்கத்தில் நிற்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் இரண்டு மணி நேரம் பாட்டுப் போடுகிறார்கள். குழுவைக் கலைத்து நன்றி என்று ஒரு காபிக் கோப்பை அனுப்பினார்கள், அதில் நாய்க்குத் தண்ணீர் வைக்கிறேன். கோர்டி கடையைச் சாத்திவிட்டு வீட்டுமனை விற்கப் போய்விட்டான். அப்பா நீயும் விட்டுத்தொலை என்கிறார். விட்டால் வருகிறவர்களை யாரிடம் அனுப்புவது?

இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை மார்லிஸ் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு என் அலுவலக வாசலில் நின்றாள். நான் ஒண்ணும் சமாதானம் பேச வரல, இது மூணு தடவை பாதியில நின்னுபோச்சு, முடிச்சுக் குடுங்க என்றாள். இரண்டு நாள் ஆனது, முடித்தோம், நம் ஆஸ்பத்திரி இருக்கிற திட்டமாகவே எடுத்தோம். ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து அமல். கோட்டை மாட்டிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள், அப்ப ஜனவரி வந்ததும் நெஞ்சு டாக்டரைப் பார்த்துடறேன், ரெண்டு வருஷமா எனக்கும் வலிக்குது, படிவத்துல எழுதிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. ஜனவரிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கே மார்லிஸ் என்று கத்தியே விட்டேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, காரில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் வைத்திருந்து, நெஞ்சு ரத்தக் குழாயில் சிறு குழாய் ஒன்று பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள். அந்தச் செலவு புதிய காப்பீட்டில் சேராது, அதற்காக ஆஸ்பத்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த எரிச்சலெல்லாம் அதனால்தான்.

நீ வேளைக்குச் சாப்பிடு, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. எந்தக் குறையும் அண்டாமல் கடவுள் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு டாக்டரிடம் முழங்காலைக் காட்டச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டார். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு, உனக்கு எங்கே வலித்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லிவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வெர்னா