கட்டைவிரலை மடக்கக் கூடாது

மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிட்டது. ஆனாலும் என் சொந்தக் கையெழுத்து! எண்பத்து நான்கு வயதில் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன். இங்கே ஈப்போவில் கோயில் மண்டபத்தில் எழுத்து வகுப்பு நடக்கிறது. "தாத்தா, பென்சில் புடிக்கக் கட்டைவிரலும் வேணும்லா!" என்று ஷாமினி டீச்சர் தினமும் கத்துகிறாள். அத்தனை வருஷம் காரை ஸ்டார்ட் பண்ண முன்னால் ஹேண்டிலைச் சுற்றிய கை. கட்டைவிரல் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தோட்டத்துத் துரைக்கு டிரைவர் தேவைப்பட்டபோது நாம் இரண்டு பேரும் போய் நின்றோம். உனக்குப் படிக்கத் தெரியும், உன்னைத்தான் எடுப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "தள்ளு மச்சான், நான் ஸ்டார்ட் பண்றேன். நீ பின்னால தொரை மாதிரி உக்காரு" என்று சிரித்துக்கொண்டே காருக்கு முன்னால் குனிந்தாய். கட்டைவிரலை மடக்கி ஹேண்டிலை இறுகப் பிடித்தாய். எஞ்சின் திருப்பி அடித்தால் அந்த விரல் போய்விடும் என்று பழைய டிரைவர் எனக்குச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அடித்தது.

வேலை எனக்குக் கிடைத்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைக்கூட உன்னால் பிடிக்க முடியவில்லை; தோட்டத்தை விட்டு பாரிட் புந்தாருக்குப் போய்விட்டாய். எல்லாரும் உன் நேரம் சரியில்லை என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன். நீ திட்டி நாலு வரி போட்டாலும் போடு. யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன்.

உன் மச்சான்