கால் பார்த்தேன்

1957 ஜனவரி 29
கால் பார்த்தேன். காயம் இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை.

டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்ததே இதை எழுதத்தான். மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. அதனால் தினம் விளக்கை வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார், பார்த்ததை எழுது என்றார். வார்டில் மற்றவர்கள் ஒரு வரியோடு மூடிவிடுகிறார்கள். எனக்கு ஆரம்பித்தால் நிற்பதில்லை. மடங்கின விரலுக்கு இவ்வளவு கொழுப்பு ஆகாது என்கிறான் பக்கத்துக் கட்டில் ஹமீது.

பிப்ரவரி 1
கால் சரி.

இன்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து. ஏசுதாஸ் என்பவருக்குக் குஷ்ட வியாதி அடங்கிவிட்டது, யாருக்கும் பரவாது, வீட்டுக்குப் போகலாம். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. நாலு தடவை படித்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

எங்கள் ஊர் நெம்மேலிக்குக் கடிதம் போட்டேன். என் சம்சாரம் மார்கரெட்டுக்குப் படிக்கத் தெரியாது. அவள் தம்பி மோசஸ்தான் படித்துச் சொல்லவேண்டும். மகள் மேரியை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஏழு வயசு. இப்போது பதினாறு.

பிப்ரவரி 5
மோசஸின் பதில் வந்தது. மேரிக்குக் கடப்பாக்கத்தில் இடம் அமைந்திருக்கிறதாம். பையன் உப்பளத்து மேஸ்திரி. வியாதியைச் சொன்னால் நடக்காது என்று, 'தாங்கள் காலமாகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறோம், மாமா. சபையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. தயவுசெய்து வரவேண்டாம்.'

கல்யாண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பது வழக்கம். எப்படி வாசித்திருப்பார்கள்? காலஞ்சென்ற ஏசுதாஸின் மகள் மேரிக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். நெம்மேலியில் அத்தனை பேருக்கும் தெரியும் நான் எங்கே இருக்கிறேன் என்று. ஒருத்தனும் எழுந்திருக்கவில்லையா?

இது மோசஸ் வேலை. மார்கரெட் சொல்லியிருக்கமாட்டா. சத்தியமா சொல்லியிருக்கமாட்டா.

பிப்ரவரி 6
கால் சரி. சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 7
ஊருக்குப் போகப் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவன் என் விரலைப் பார்த்தான், குனிந்து செருப்பைப் பார்த்தான், இறங்கு என்றான். சர்டிபிகேட்டை எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது.

எல்லாம் இந்த டயர் செருப்பால் வந்தது. ஆணியே இல்லாமல் நூலால் தைத்து ஆஸ்பத்திரியில் கொடுப்பது. ஆணிச் செருப்பு எங்களுக்கு ஆகாது, அதுதான் முதல் பாடம். செங்கல்பட்டில் இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட ஒதுங்கிப் போகும். நேரே கடைத்தெருவுக்குப் போய்த் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். போட்டுப் பார்த்தேன். நாலு பேரைப் போல நானும் ஒரு ஆள்.

நடந்தே போகிறேன். திருப்போரூர் வழியில் காடு, அப்புறம் கால்வாய், அதைத் தாண்டினால் நெம்மேலி. இந்தக் காலோடு ஒரே மூச்சில் முடியாது. ராத்திரி காட்டில்தான் தங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் எழுந்து நிற்பேன். இருக்கு, நான் இன்னும் சாவலைன்னு சொல்லுவேன்.

ஹமீதிடம் சொன்னேன். "பொண்ணு கல்யாணத்துக்குப் போறியா மச்சான், அத்த நிறுத்தப் போறியா?" என்று கேட்டான். ராத்திரி அவனே என் கோணிப்பையைக் கட்டிக் கொடுத்தான்.

பிப்ரவரி 8, காட்டில்
கம்பவுண்டர் கூடவே வந்துவிட்டான். ஆஸ்பத்திரி நாய். காலையில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறை வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவான், அதனால் அந்தப் பேர். கல்லெடுத்து விரட்டினேன். பத்தடி போய் நின்றுவிட்டு மறுபடி வந்தான். சனியன், வா என்றேன்.

சாயங்காலமே காட்டுக்குள் வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் சூரைமுள்ளும் காரைப்புதரும். ஒரு குட்டைக் கரையில் நாவல் மரத்தடியில் பையை இறக்கினேன். ரொட்டியை அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. மேலே பாதி நிலா. தூரத்தில் நரி கத்தினால் இவன் உறுமுகிறான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சுவருக்கு வெளியே படுக்கிறேன். ஆனந்தமாக இருக்கவேண்டும் இல்லையா? மரமெல்லாம் கிட்ட வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. பின்னால் ஆஸ்பத்திரி, முன்னால் என்னைப் புதைத்துவிட்ட ஊர். நடுவில் இந்தக் குட்டைக் கரைதான் எனக்கு.

கால் பார்க்கவில்லை. ஒரு நாள் பார்க்காவிட்டால் குடி முழுகிப்போகாது.

அதே ராத்திரி
குடி முழுகித்தான் போச்சு.

படுத்ததிலிருந்து இந்த நாய் என் வலது செருப்பையே முகர்ந்துகினு கெடந்தது. உதைச்சேன். போகலை. வாரைப் பல்லால புடிச்சு இழுத்தது. பாழாப்போற நாயேன்னு லாந்தரைத் தூக்கிப் பார்த்தா, செருப்பெல்லாம் ரத்தம். குதிங்கால்ல ஆணி. புதுச் செருப்பு ஆணி மேலே கெளம்பி உள்ளே ஏறியிருக்கு. எப்போ ஏறிச்சு? எத்தனை மைல் அது மேலயே நடந்தேன்? எனக்கு ஒரு சேதியும் வரலை. நாய்க்கு வந்திருக்கு.

பிடுங்கிப் போட்டேன். வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். அதுவரைக்கும் கம்பவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப்போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பையில் துண்டு தேடினால் அடியில் என் பழைய டயர் செருப்பு. ஹமீது வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

திரும்பிப் போனால் கட்டில். முன்னே போனால் கால் போகும். இன்னா பண்றது?

பிப்ரவரி 9, கால்வாய்க் கரை
முன்னேதான் வந்தேன். டயர் செருப்போடு.

ஓடக்காரர் ராஜாராம் செருப்பைப் பார்த்ததுமே கழியை ஊன்றி நிறுத்திவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. "தப்பா நெனைக்காத அண்ணாத்த. உன்ன ஏத்தினா நாளைக்கு எவனும் என் ஓடத்துல குந்தமாட்டான்" என்றார். சர்டிபிகேட்டைக் காட்டினேன். படிக்கத் தெரியாதாம். சவுக்குத் தோப்பில் மிலாறு, சுள்ளி பொறுக்குகிற மார்கரெட்டுக்குத் தகவல் மட்டும் சொல்கிறேன் என்று போனார்.

மத்தியானம் அவள் வந்தாள். தனியாக. கழுத்தில் தாலி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மோசஸைப் பற்றி நான் ஆரம்பிக்கும் முன்னே அவளே சொன்னாள்.

"நாந்தாயா எய்தச் சொன்னேன். அவன் மேல கோவப்படாத. நீ செத்தாத்தான் உன் பொண்ணு வாழும்னா நான் இன்னா பண்ணுவேன்?"

மனசுக்குள் மோசஸைத் திட்டிக்கொண்டே இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன். மேரிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். ஓலை வாசித்தபோது தலையைத் தூக்கவே இல்லையாம்.

அப்புறம் என் காலைப் பார்த்துவிட்டாள். கட்டை அவிழ்த்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். அவள் கை என் கால்மேல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வியாதியை நான் இன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

"நாளைக்குச் சபைக்கு வரலை" என்றேன். "நான் செத்தவனாவே இருக்கேன்."

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற விறகு வண்டி ஒன்றைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கோணியைப் போர்த்தி, மூட்டையோடு மூட்டையாக. கம்பவுண்டர் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தான்.

பிப்ரவரி 11
ஆழமான புண். எலும்பு தப்பித்தது. ஆறு வாரம் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவேண்டும். டாக்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 17
மூன்றாவது ஓலை. இன்றோடு மூன்று தடவை செத்தாயிற்று.

பிப்ரவரி 20
இன்று கல்யாணம். ஹமீது எங்கிருந்தோ இரண்டு லட்டு கொண்டுவந்தான். ஒன்றைக் கம்பவுண்டருக்குப் போட்டேன்.

மார்ச் 9
புண் மூடவில்லை. எதிர்ச் சுவரில் விரிசல் பதினொன்று. நோட்டில் எழுத வேறு விஷயம் இல்லை.

மார்ச் 30
மூடிவிட்டது. எங்கே போகட்டும்?

ஏப்ரல் 28
ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று காவலாள் வந்து சொன்னான். மார்கரெட். செங்கல்பட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். மேரி புருஷன் வீட்டில் நன்றாக இருக்கிறாள். நெம்மேலியில் நான் செத்தவன் செத்தவன்தான். "இங்க யாரு உன்ன சாவச் சொல்றது?" என்றாள்.

மே 3
ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே ஒரு குடிசை பிடித்திருக்கிறோம். கம்பவுண்டர் வாசலில். சாயங்காலம் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கால் பார்க்கவேண்டும் என்றேன். இப்பிடித் திரும்பு என்று காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விளக்கை எனக்கு எட்டாமல் தன் பக்கம் வைத்தாள். குதிங்கால் தழும்பை ரொம்ப நேரம் தடவினாள். பிறகு, எய்திக்கோ என்றாள்.

கால் பார்த்தாள். காயம் இல்லை.