பச்சை விளக்கு

என் செல்ல மகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வௌவால் குகையின் கீழ்க்கூடத்துக்கு இப்போதுதான் வழி வெட்டித் திறந்திருக்கிறார்கள். நானும் பார்க்கப் போனேன். வழிகாட்டி வெளியூர்ப் பெண்.

"மழைத்தண்ணி சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சுக் கரைச்சுத்தான் இந்தக் குகையே உண்டாச்சு. கரைஞ்ச சுண்ணாம்பு சொட்டுச் சொட்டா விழுந்து திரும்பக் கல்லாகுது. இங்க சொட்டு ஜாஸ்தி, கீழ எது கிடந்தாலும் கொஞ்ச வருஷத்துலயே மூடிடும். இந்தத் தகரக் குவளையைப் பாருங்க! தொலைச்ச மனுஷன் வீட்டுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். குவளையின் உடைந்த கைப்பிடிக்குப் பதிலாகச் சுற்றிய கம்பி, கல் மூடியும் தெரிந்தது. சின்ன வயதில் நீ உன் அப்பாவுக்குப் போட்டுக்கொடுத்த அதே இரட்டை முடிச்சு.

வௌவால் எரு அள்ள அந்தக் குகைக்குப் போனவர் அப்படியே குவாங்டாங் மாகாணத்துக்கு ஓடி, எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று ஊரே சொன்னது. நீ அவருடைய குடும்பப் பெயரைக்கூட விட்டுவிட்டாய்.

குவளைக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கல். 'தூங்கும் தாத்தா' என்று பெயர் வைத்துப் பச்சை விளக்கு போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கல்லறை துடைக்கும் சிங்மிங் நாளில் ஊரே மலையேறும், நாம் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வோம். இந்த வருஷம் வந்துவிடு. முதலில் அந்த விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா