முப்பது விநாடி அவகாசம்

ஏப்ரல் 3, 07:10
வியாழனின் நிலவு காலிஸ்டோ, பனி ஆய்வு நிலையம். எழுதுவது பொறியாளர் மங்களேஸ்வரி. உடன் இருப்பவர் ஆய்வாளர் ஹமீது அண்ணன். ஆள் இரண்டு, ஓட்டு இரண்டு. காற்றழுத்தம் சரி. அதிபர் தேர்தல் விவாதத்தில் வேட்பாளர்களிடம் கேட்க வாக்காளர்கள் கேள்வி அனுப்பலாமாம். "வீட்டுத் தண்ணி மோட்டரைக் கடைசியா எப்ப நீங்களே போட்டீங்க" என்று கேட்கச் சொல்கிறார் அண்ணன். அனுப்பவில்லை.

ஏப்ரல் 4, 15:42
பனி நடுங்கியது. இரண்டு கூடங்களுக்கும் நடுவே இருந்த வழி நொறுங்கிவிட்டது. வெளியே போடும் உடைகளும் அதில் நசுங்கிவிட்டன. அண்ணன் ஆய்வுக்கூடத்தில், நான் இயந்திரக்கூடத்தில். பேச்சுக் கம்பியும் காற்றுக்குழாயும் மட்டும் தப்பின. காற்று தயாரிக்கும் கருவி போய்விட்டது. காற்றுத் தொட்டி என் பக்கம். இருவருக்குப் பதினான்கு நாள் வரும்.

பக்கத்து நிலவில் ஒரு கப்பல் நிற்கிறது. ஒன்பது நாளில் வந்துவிடும். ஆனால் அதில் இருப்பது ஓட்டு இயந்திரங்கள். இரண்டு வேட்பாளர்களும் சம்மதித்தால்தான் திருப்புவார்களாம்.

ஏப்ரல் 5, 09:00
அண்ணன் கம்பியில் பேசினார்: "மங்கா, நீளமா எழுதாத. சுத்தி வளைக்க எடம் குடுத்தா அதுக்குள்ளேயே குடித்தனம் பண்ணிருவானுங்க. ஆமாவா இல்லையான்னு மட்டும் கேளு."

விவாதத்துக்கு அனுப்பிய கேள்வி: இருவர் உயிரோடிருக்கிறோம். ஓட்டுக் கப்பலை எங்களிடம் திருப்பச் சம்மதமா? ஆம் அல்லது இல்லை.

பூமிக்குப் போய்ச் சேர நாற்பத்தொரு நிமிடம்.

ஏப்ரல் 6, 11:20
விவாதம் நடத்துபவர்களிடமிருந்து பதில்: "வாழ்த்துகள் மேடம். மூணு லட்சம் கேள்வியில உங்களோடது செலக்ட் ஆயிருக்கு. எங்க டைரக்டர் படிச்சிட்டு அழுதுட்டாரு. விதிமுறை இணைச்சிருக்கோம், ஒரு தடவ பாத்துக்கோங்க."

பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அண்ணன் பாடினார். பாட்டு இருமலில் முடிந்தது.

ஏப்ரல் 7, 18:30
விவாதம் வந்தது. முதல் வேட்பாளர்: "அந்தச் சகோதரியின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். இந்தத் தேர்தலே அவரைப் போன்றவர்களுக்காகத்தான்." இரண்டாமவர்: "என் தாயாரும் பொறியாளர்தான். சகோதரியின் கண்ணீர் எனக்குப் புரிகிறது."

நான் அழவே இல்லை. நடத்துபவர் சொன்னார்: "திருப்தி இல்லையென்றால் வாக்காளர் முப்பது விநாடிக்குள் தெரிவிக்கலாம்."

இல்லை என்று கத்தினேன். என் காதில் விழுந்ததே நாற்பத்தொரு நிமிடப் பழைய பேச்சு. என் குரல் புறப்படுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது: "மறுப்பு ஏதும் வரவில்லை. வாக்காளருக்கு முழுத் திருப்தி." கைதட்டினார்கள். பாவிகள், எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏப்ரல் 8, 08:05
"மேடம், உங்க மறுப்பு எண்பத்திரண்டு நிமிஷம் லேட்டு. திருப்தின்னு பதிவானதால மனு குளோஸ் ஆயிடுச்சு. கவலைப்படாதீங்க, தேர்தல் முடிஞ்சதும் கப்பல் நேரா உங்ககிட்டதான். இன்னைலருந்து பதினெட்டு நாள். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தன மார்க் போடுவீங்க?"

காற்று இருவருக்குப் பத்து நாள். ஒருவருக்கு இருபது. கணக்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

என்ன சொன்னார்கள் என்று அண்ணன் கேட்டார். ஆம் என்றார்கள் என்றேன்.

"பாத்தியா மங்கா. கேக்குற விதத்துல கேட்டா பதில் வரும்."

ஏப்ரல் 9, 14:00
குழாயை இன்று மூடினால் எனக்குப் பதினெட்டு நாள். கப்பலுக்கு இன்னும் பதினேழு. நாளைக்குத் தள்ளினால் ஒரு நாள்கூட மிச்சமில்லை. இதைப் படிப்பவர் என்னைத் திட்டலாம். திட்டும்போது நான் உயிரோடிருப்பேன்.

14:06
கம்பியில் கேட்டேன்: "அண்ணே, உங்க பக்கத்துக் குழாயை மூடட்டுமா? ஆமாவா இல்லையா?"

மெதுவாகத்தான் கேட்டேன். இது அவர் தூங்கும் நேரம். தெரிந்துதான் கேட்டேன்.

முப்பது விநாடி எண்ணினேன். பதில் இல்லை.

14:07
மூடினேன்.

14:19
"மங்கா, கண் அசந்துட்டேம்மா. ஏதோ கேட்டியே, என்னது?"

14:20
"மங்கா?"

14:21
கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அதன்பிறகு மறுப்பு ஏதும் வரவில்லை.