பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த வெள்ள நஷ்டஈடு

அனுப்புநர்:
தே. லாசரஸ்,
பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
மனை எண் 18, முடிச்சூர்.

பெறுநர்:
உயர்திரு குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வீட்டுக் காப்பீட்டுப் பிரிவு,
மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: மனை எண் 17-க்கு வெள்ள நஷ்டஈடு வழங்கிவிட்டு மனை எண் 18-க்கு மறுத்ததை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனை எண் 17-ன் உரிமையாளர் திரு. ஹனீஃபா, தாம்பரம் மார்க்கெட்டில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். நாங்கள் இருவரும் ஒரே நாளில் மனை வாங்கினோம். ஒரே ஆண்டில் வீடு கட்டினோம். தங்கள் முகவர் திரு. டெனிஸிடம் ஒரே மாலையில் காப்பீடு எடுத்தோம். கடந்த அக்டோபர் மழையில் இரு வீட்டிலும் புகுந்ததும் ஒரே தண்ணீர்தான். அவருக்கு நஷ்டஈடு வந்துவிட்டது. எனக்கு மறுப்புக் கடிதம் வந்தது.

2. அக்கடிதத்தின்படி, என் பாலிசியில் தீ, இடி, திருட்டு எல்லாம் உண்டு; புயலும் வெள்ளமும் இல்லை. விண்ணப்பதாரர் விரும்பினால் அவற்றை நீக்கிக்கொள்ளலாம் என்ற விதிப்படி நீக்கப்பட்டுள்ளன. நீக்கியதற்குக் கீழே உள்ள கையெழுத்து என்னுடையதே. முகவர் மீது எனக்குப் புகார் ஏதுமில்லை. "வெள்ளத்தைத் தூக்காதீங்க சார். தண்ணி இன்னா, பேஸ்மட்டத்தைப் பாத்துகினா வரும்?" என்று அவர் இருமுறை தடுத்தார்.

3. நீக்கிய காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். திரு. ஹனீஃபா மூன்றடிக்குப் பேஸ்மட்டம் போட்டார். அதைப் பார்த்த பிறகே நான் ஐந்தடி போட்டேன். அவருக்கு மாடி இருக்கிறது. எனக்கு உயரமாவது இருக்கட்டுமே என்ற எண்ணம். அவர் வெள்ளத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டபோது, தாழ்வான வீட்டுக்காரருக்கு அது தேவைதான், எனக்கெதற்கு என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

4. வெள்ளத்தன்று அவர் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். என் வீட்டில் முழங்காலுக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆனால் உயர்த்துவதற்காக நான் கொட்டி நிரப்பிய சவுடு மண் தண்ணீரில் கரைந்து உள்வாங்கிவிட்டது. கூடத்துத் தரை ஓரடி இறங்கி, சுவர் குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது. குடியிருக்கத் தகாது எனப் பொறியாளர் எழுதிக் கொடுத்துள்ளார் (நகல் இணைப்பு). திரு. ஹனீஃபா வீட்டிலோ சேற்றை வாரிக் கழுவியதும் தரை அப்படியே இருந்தது. இப்போது புதுக் கதவு போட்டு, நான் பூச நினைத்திருந்த இளம்பச்சை வண்ணத்தையே பூசியிருக்கிறார்.

5. அன்றிலிருந்து நானும் என் மனைவி சாராளும் அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். வாடகைப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை. அவர் மனைவி திருமதி ஹஃபீசா நோன்புக் கஞ்சியிலிருந்து எங்களுக்கும் பங்கு வைத்தார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வேட்டி எடுத்துத் தந்தார்கள். திரு. ஹனீஃபா இவ்வளவு நல்லவராக இல்லாதிருந்தால் இம்மனு எழுதுவது எளிதாக இருந்திருக்கும். "ஹனீஃபா பாய் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டார். நீங்க அவரைப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க" என்கிறாள் சாராள். வினாத்தாளை முழுவதும் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று முப்பத்தோராண்டு மாணவர்களுக்குச் சொன்னவன் நான். அவர் மேல் எனக்குப் பொறாமைதான், ஐயா. அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடும்போதே வயிறு எரிகிறது.

6. விதிப்படி எனக்கு உரிமையில்லை என்பதை அறிவேன். ஆயினும் வேறு வீடில்லாத ஓய்வூதியர் எனக் கருதி, மறு ஆய்வுக்கு ஒருவரை அனுப்பி, தரையையும் சுவரையும் சீராக்கும் அளவுக்காவது சிறப்பு உதவி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நாங்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

7. இன்னும் ஒரு வேண்டுகோள். பதில் எதுவாயினும் மனை எண் 18-க்கே அனுப்புங்கள். 17-க்கு அனுப்பினால் அது திரு. ஹனீஃபா கையில்தான் சேரும். மறுப்பாக இருந்தால், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. தபால்காரர் வரும் பதினொரு மணிக்கு, பூட்டிய என் வீட்டு வாசலில் தினமும் நிற்கிறேன்.

இடம்: முடிச்சூர்
நாள்: 09.01.2006

இப்படிக்கு,
தங்கள் கடிதத்தை எதிர்நோக்கும்,
தே. லாசரஸ்