உட்கார்ந்துவிட்டதாகச் சொன்ன அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

பத்து நாள் முன்பு நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டில் ஒரு கூத்து. ஊசியை எடுத்ததும், வாராவாரம் வரும் தையல்கார ஐயா படக்கென்று எழுந்தார். பிரஷர் இறங்கி, கட்டிலோரம் சரிந்துவிட்டார். தூக்கப் போனால், "விழலம்மா, சும்மா உக்காந்துட்டேன்" என்று சிரிக்கிறார். எக்ஸ்ரேயில் பார்த்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து தேறிவருகிறார், பயப்படாதீர்கள்.

போன வாரம் குளியலறையில் நீங்களும் "உக்காந்துட்டேன்" என்றுதான் அம்மாவிடம் சொன்னீர்களாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இனி உங்களுக்கும் டயாலிசிஸ் முடிந்ததும் சற்று உட்கார்ந்துவிட்டு, அம்மா கையைப் பிடித்து எழுந்திருங்கள். வீம்பு வேண்டாம். குளியலறைச் சுவரில் கைப்பிடி மாட்டி போட்டோ அனுப்புங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.

மெஷின் கத்துகிறது, ஓடுகிறேன். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன், நீங்கள் உட்கார்ந்த மாதிரி.

உங்கள் மகள்