பழி சுமக்காத மட்டை

தம்பி,

இன்று காலை மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரியைத் திறந்தேன். கதவு விலகியதும் மணம் முந்திக்கொண்டு வந்தது. கறுப்புத் துணி நாடாவின் பசை, அதன்மேல் நீ தேய்க்கும் மெழுகு, ஈரம் காய்ந்த தோல். சாமியறையில் கற்பூரம் ஏற்றிவிட்டு நேரே வந்திருந்தேன். என் விரல்களில் இருந்த வாசத்தை உன் விளையாட்டுப் பையின் வாசம் ஒரு நொடியில் வென்றுவிட்டது. நீ இருந்தால் இதையும் ஒரு கோல் என்று கணக்கில் சேர்த்திருப்பாய்.

அலுமாரியைத் திறக்கவைத்தது உங்கள் ஐஸ் ஹொக்கி அணித்தலைவர் பிரயனின் அழைப்பு. நீ என்னை அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அந்த நரைத்த ஆங்கிலேயர்கள் எல்லோருக்கும் நான் 'அண்ணை' ஆகிவிட்டேன் அல்லவா? "ஹலோ அண்ணை" என்று தொடங்கி, மிகுந்த தயக்கத்தோடு சொன்னார். வரும் ஞாயிறு உன் நினைவாக ஓர் ஆட்டம். பனித்தளத்தின் ஓரத்தில் நீ அமரும் வாங்கில், உன் இடத்தில், உன் மட்டைகளில் ஒன்றை வைக்க விரும்புகிறார்கள். எதை வைப்பது என்பதை அண்ணையே தெரிவு செய்யட்டும் என்றார்.

தெரிவு செய்வது. அதை நான் என்றைக்கு அறிந்தேன்? நான்கு மட்டைகளையும் வெளியே எடுத்துக் கூடத்தில் கிடத்திவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அவை அப்படியே கிடக்கின்றன. உன்னிடம் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

உன் அண்ணி சிவபதம் அடைந்தபின் நான் தனித்திருக்கக் கூடாது என்று, சுவிஸில் வேரூன்றிய வாழ்வை விட்டு, நீ என்னிடம், இல்ஃபோர்டுக்கு வந்தாய். என் மருந்துப் பெட்டியைப் பார்க்க வந்தவன் நீ. வந்த முதல் வாரத்திலேயே, ஒரு தோளில் பையும் மறு தோளில் மட்டையுமாக ரயிலேறிப் பனித்தளம் தேடிப் போனாய். சுவிஸ் மலையூர் உணவகச் சமையலறையில் வேலைசெய்த காலத்தில் கூட்டாளிகள் இழுத்துப்போய்ப் பழக்கிய ஐஸ் ஹொக்கி, அகதி வழக்கு முடிவதற்கு முன்பே உன்னை அந்த ஊரவனாக்கிவிட்டது என்றாய். எனக்கு வியப்பாக இருந்தது. நம்மவர் குளிரைக் கண்டு கதவடைப்பவர். நீ அதன்மேல் ஏறி நின்றாய்.

"என்னைப் பேசாதேங்கோ அண்ணை. உங்கட சிவன் எங்க இருக்கிறார்? பனிமலையில. எப்பிடி நிக்கிறார்? ஒற்றைக்காலில. இவ்வளவு காலமா விழாம நிக்கிறாரெண்டா அவரிட ஸ்கேட் பிளேட்டுக்கு நல்ல புரொஃபைல் போட்டிருக்கவேணும்."

தில்லைக் கூத்தனைப் பற்றி வேறு எவர் அப்படிப் பேசியிருந்தாலும் எழுந்து போயிருப்பேன். உன்னோடு மட்டும் சிரித்தேன்.

புரொஃபைல் என்றால் என்னவென்று கேட்டபோது, பனியில் ஓடும் ஸ்கேட் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து, இரும்பு பிளேட்டின் அடிவிளிம்பைக் காட்டினாய். நேரென்று நான் நினைத்த இரும்பு, மெல்ல வளைந்திருந்தது. அது ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு என்றாய். வட்டம் சிறிதானால் பனியைத் தொடும் இரும்பு குறைவு. நினைத்த கணத்தில் திரும்பலாம். வட்டம் பெரிதானால் தொடும் இரும்பு அதிகம். உறுதியாக நிற்கலாம், திரும்புவது மெத்தனம். உன்னுடையது ஒன்பதடி ஆரம். "அப்ப நான் நிக்கேக்க, வட்டத்தின்ர நடு என்ர தலைக்கு மேல வரும்" என்று கையை உயர்த்தினாய்.

உச்சிக்கு மேலே பன்னிரண்டு விரல் உயரத்தில் சிவன் உறையும் தானம் ஒன்று உண்டென்று நம் ஆகமநெறி சொல்வதை உனக்கு எடுத்துரைத்தேன்.

"அது விரல் அண்ணை, இது அடி. உங்கட சாமி கிட்ட. என்ர சாமி கொஞ்சம் தூர."

"விளிம்பை முழுக்கத் தட்டையாக்கினால்?"

"அப்ப வட்டத்தின்ர நடு வானத்திலயும் இல்லை. அதுக்கும் அங்கால."

மட்டைகளின் வளைவுக்குப் பெயர் வைத்தது நான். மட்டை நுனியின் வளைவு ஹொக்கிக் கடைச் சுவரில் வரிசை வரிசையாகத் தொங்கியதைக் கண்டதும் எனக்குப் பிறைகளே தோன்றின. மெல்லிய வளைவைத் திருதியை என்றேன், கூடியதைப் பஞ்சமி என்றேன், ஆழ்ந்து வளைந்ததை அட்டமி என்றேன். பிறைசூடியின் அடியவன் வேறென்ன சொல்வான்? நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பிரயன்கூட 'பஞ்சமி' என்று நாக்குளறச் சொல்லப் பழகினார். நீ சுவிஸிலிருந்து கொண்டுவந்தது திருதியை. நடுவில் மட்டும் இலேசாக வளைந்தது.

அந்தத் திருதியையில் ஓர் ஆட்டப் பருவத்தின் நடுவில் வில்லை மேலெழ மறுத்தது. பந்துக்குப் பதிலாக நீங்கள் அடிக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, வலையின் உச்சிக்குப் பறக்கவேண்டியது, கோல் காவலரின் காலடியில் ஊர்ந்து போனது. "மட்டை செத்துப்போச்சு" என்றாய். கடைக்குப் போனோம். நுனிப்பக்கம் வளைந்து, முகம் சற்று வானம் பார்க்கத் திறந்த பஞ்சமியை எடுத்தாய். திறந்த முகம் வில்லையைத் தானே தூக்கிவிடும் என்றாய். அடுத்த ஞாயிறு வில்லை ஒருமுறை பறந்தது. தளத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் சால்வையோடு இருந்த என்னை நோக்கி மட்டையை உயர்த்திக் காட்டினாய். பிறகு பஞ்சமியும் தூக்கவில்லை. "இது அண்ணை, திதி சரியில்லை" என்று அட்டமிக்குப் போனாய். தண்டும் எளிதில் வளையும் மென்மையானதாகப் பார்த்தாய். மணிக்கட்டில் பலம் குறைவாக உள்ளவர்களுக்கானது என்று கடைக்காரர் சொன்னபோது, "ஓம், வயசு போகுது" என்று நீயே சிரித்தாய்.

பனியில் திரும்புகையில் இடது கால் வழுக்கியது. ஒன்பதடி ஆரத்தைப் பதினொன்றாக அரைப்பித்தாய். பிறகு பதின்மூன்று. சாணை இயந்திரத்தில் தீப்பொறி தெறிக்க, இரும்பு தன் வளைவை இழந்து தட்டையாவதை இருவரும் அருகருகே நின்று பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வட்டத்தின் நடு உன் தலையைவிட்டு இன்னும் மேலே போயிற்று. அதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அரைத்து முடித்ததும் நீ விளிம்பை விரலால் வருடி, "இனி விழமாட்டன் அண்ணை" என்பாய். ஞாயிறு விழுவாய்.

இரும்பை விட்டு நம் கண் விலகியது கோயில் வாசலில். திருவாதிரைப் பூசை முடிந்து வந்து செருப்பு வைக்கும் தட்டின்முன் குனிந்தோம். உன் சப்பாத்துச் சோடியை நான்தான் எடுத்துத் தந்தேன். வலது புதிதுபோல இருந்தது. இடதின் முன்நுனி நிலத்தில் இழுபட்டுத் தேய்ந்து, தோல் உரிந்து, வெள்ளை நூல் தெரிந்தது. அது பனியைக் கண்டதேயில்லை. அதற்கு வட்டமில்லை, ஆரமில்லை. ரயிலடிக்கும் கடைக்கும் நடந்த சப்பாத்து.

நீயும் பார்த்தாய். "இதுக்கும் ஒரு புரொஃபைல் போடவேணும் போல கிடக்கு" என்றாய். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாய். பின்னால் ஒரு குடும்பம் செருப்புக்குக் காத்து நின்றது. நாம் வழிவிடவேண்டும் என்பதுகூடத் தோன்றாமல் அந்தச் சப்பாத்தைப் பிடித்தபடி நின்றோம்.

அதன்பின் வைத்தியசாலை. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணையும் நோய் என்றார் வைத்தியர். மீட்கும் மருந்து இல்லையென்பதை மிகவும் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவே எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இருந்தாய்.

"அப்ப மட்டையில பிழை இல்லை" என்றாய்.

"இல்லை."

"பாவம் அண்ணை, பஞ்சமி. எவ்வளவு திட்டினனான்."

தம்பி, நான் கற்றதெல்லாம் அன்றுமுதல் என் கையில் கனக்கத் தொடங்கியது. பிணி தீர்க்கும் பதிகங்கள் எவை, எந்தப் பண்ணில், எத்தனை காலம் ஓதவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது. உன் கட்டிலருகில் அமர்ந்து ஓதினேன். நேர்த்தி வைத்தேன். உபவாசம் இருந்தேன். உன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"இந்தப் பதிகம் எதுக்கு அண்ணை?"

"நோய் தீர."

"அப்ப தொண்டையைக் கவனமாப் பாருங்கோ. கனகாலம் பாடவேண்டி வரும்."

திருநீற்றை உன் நெற்றியில் இடும்போது கண்ணை மூடிக்கொள்வாய். நம்பியா, என் பொருட்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற துணிவு இப்போதும் இல்லை. இறைவன் செவியுடையவன் என்பதில் எனக்கு ஐயமில்லை, தம்பி. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நானும் பாடிக்கொண்டே இருந்தேன். நடுவில் நீ படுத்திருந்தாய்.

சக்கர நாற்காலிக்கு வந்தபின் ஒருநாள், கடைக்குப் போவோம் என்றாய். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். விற்பனைக்கு நின்ற இளைஞன் புதியவன். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று உன்னைக் கேட்டுவிட்டு, கேட்டபின் நாற்காலியைக் கண்டு முகம் சிவந்தான். நீ குழறும் நாவால், ஆங்கிலத்தில், "இப்போது நான் கோல் கம்பம்" என்றாய். அவன் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தான். நான் சிரித்ததும் அவனும் சிரித்தான்.

சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உன் மடியில் வைத்தேன். நீ ஒற்றைக் கண்ணால் தண்டின் வழியே பார்க்க, நான் முனையைத் தாங்கிப் பிடித்தேன். திறந்த முகம் வேண்டாம் என்றாய். மென்தண்டு வேண்டாம் என்றாய். கடைசியில் நடுவில் மட்டும் இலேசாக வளைந்த திருதியையில் உன் கன்னத்தைச் சாய்த்தாய்.

"முந்தியெல்லாம் குறைக்கு ஏத்த மாதிரி எடுத்தனான் அண்ணை. இது எனக்குப் பிடிச்சது."

வீட்டில், அதன் வளைந்த நுனிக்கு நாடா சுற்றித் தரச் சொன்னாய். எப்படியென்று நீ சொல்வதற்குள் நான் தொடங்கிவிட்டேன். சுற்றுவது எனக்குத் தெரியாத தொழிலா? எத்தனை கும்பாபிஷேகத்தில் குருக்களுக்குப் பக்கத்தில் இருந்து கும்பங்களுக்கு நூல் சுற்றியவன்! அதே கையில், அதே பக்தியோடு, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்சதுரம் விழச் சுற்றி, முடிச்சு வருமிடத்தை அழுத்தி நிமிர்ந்தேன். நீ வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். வளைவின் குதியிலிருந்து நுனிவரை அடுக்கடுக்காக, விளிம்பு வில்லையைத் தடுக்காதவாறு சுற்றவேண்டுமாம்.

"என்னண்ணை, மாவிலையும் தேங்காயும் வைக்கேல்லையோ?"

அந்தச் சிரிப்பு உன்னை விட்டபாடில்லை. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் மூச்சைப் பிடித்தது. உன் தலையை நெஞ்சோடு தாங்கி, முதுகைத் தடவியபடி, "இப்பவே கழட்டி ஒழுங்காச் சுத்துறன்" என்று புலம்பினேன். மூச்சு திரும்பியதும் நீ முதலில் சொன்னது இதைத்தான்:

"கழட்டாதேங்கோ."

நீ போன காலையில் கட்டில் முழுத் தட்டையாக இருந்தது. தலைப்பக்கத்தை உயர்த்தும் பொத்தானை இனி அழுத்தத் தேவையில்லை என்றார் தாதி. நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அதற்கும் அங்கால் பார்க்க முயன்றேன். கூரைதான் தெரிந்தது.

இப்போது கூடத்தில் நான்கு மட்டைகள். சுவிஸ் திருதியையைக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். 'செத்துப்போச்சு' என்று நீ வீசிய ஒலி அதில் இருக்கிறது. பஞ்சமியிடம் நீ மன்னிப்புக் கேட்டதை நான் அறிவேன், அதற்குத் தெரியுமோ என்னவோ. அட்டமியின் தண்டை அழுத்தினால் என் முதிய கைக்கே வளைகிறது, பார்க்க முடியவில்லை. அந்த மூன்றும் ஒரு குற்றமும் செய்யாமல் நம்மிடம் பழி சுமந்தவை. பனியைத் தொடாத நான்காவதன்மேல் மட்டும் நாம் இருவரும் எதையும் சுமத்தவில்லை.

ஆகவே அதுதான் என்று ஒருவாறு துணிந்தேன். துணிந்ததும் வேறொரு கவலை. உன் தோழர்கள் எல்லோரும் பார்க்க, கும்பம்போல் சுற்றிய மட்டையை எப்படி வாங்கில் வைப்பது? ஒழுங்காகச் சுற்றிவிடலாம் என்று, இதை எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய், கடையில் புது நாடா வாங்கி வந்தேன். மேசைவிளக்கை அருகே இழுத்து, பழையதன் முனையைத் தேடி, நகத்தால் கிளப்பினேன். ஒரு விரலளவு உரிந்து வந்தது. பசை மணத்தது.

அதற்குமேல் நான் இழுக்கவில்லை. முனையைப் பழைய இடத்திலேயே வைத்து, பெருவிரலால் அழுத்தி, ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு இதை இப்படியே கொண்டு வருகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

உன் அண்ணை